உரல் காத்த கதவு

கறக்கென்று ஒரு சத்தம்.

விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது. மழை ஓய்ந்து, கூரைத் தகரத்திலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மடியில் அரைத் தூக்கத்தில் கிடந்த பிள்ளையை விஜயகலா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் அடுப்படிப் பக்கம்தான். யாரோ கல்லைத் தரையோடு தரையாக நகர்த்துகிற மாதிரி. கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடியும் கறக்.

அவர்களுடையது தோட்டத்து லய வரிசையில் கடைசி வீடு. அதற்கப்பால் றப்பர் மரங்கள், அப்புறம் வெறும் இருட்டு. அடுப்படிப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பழையது துருப்பிடித்து விழுந்த நாளிலிருந்து அந்த வேலையை உரல் பார்க்கிறது. பொழுது சாய்ந்ததும் விஜயகலா உரலை உருட்டிக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். கனம் பற்றாதென்று உரலுக்குள் அம்மிக் குழவி. இவ்வளவும் செய்துவிட்டு விடியும்வரை ஒரு கண்ணால் தூங்குவாள். மற்றக் கண் பிள்ளைக்கு.

கறக்.

கான்வெண்டில் படித்த ஜெபத்தில் பாதிதான் ஞாபகம் வந்தது. மீதிப் பாதிக்கு முருகனைக் கூப்பிட்டாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு உலக்கையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது. பிறகு ஒரு கை. கையில் ஒரு சோடிச் செருப்பு.

ஓங்கிய உலக்கை அந்தரத்தில் நின்றது. அந்தச் செருப்பை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"ஏங்க!"

"ஸ்ஸ்... புள்ள முழிச்சிரும்" என்றது கால்.

பின்னாலேயே சுதாகரன் வந்தான். தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் வேலை. அது சாயங்காலம் முடிந்துவிடும். அதன்பிறகு மீராசாஹிப் கடைப் பின்னறையில் கேரம் போர்டு. அது எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது. முன்கதவால் வந்தால் தட்ட வேண்டும். தட்டினால் விஜயகலா திறப்பாள். திறந்தால் கேட்பாள். ஆகவே பின்கதவு.

"உசுரே போயிருச்சு எனக்கு. திருடன் மாதிரி வர்றீங்களே!"

"ஒன்ன எழுப்பக் கூடாதுன்னுதான் கலா. பாசம்."

"பாசம்னா அந்தப் புது போல்ட்ட இந்தக் கதவுல பூட்டுங்க. நானே கஹவத்தை டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன்."

"பூட்டலாம். ஆனா இது தோட்டத்துக் கதவு. நம்ம இஷ்டத்துக்கு ஸ்க்ரூ அடிச்சா தொர சும்மா விடுவாரா? பெர்மிஷன் எடுக்கணும்."

"போன கெழம மரம் ஈரமா இருக்குன்னீங்க."

"அதுவும் இருக்கு."

"அதுக்கு முந்தி நல்ல நாள் இல்லேன்னீங்க."

"இப்பவும் எங்க இருக்கு?"

விஜயகலா உலக்கையைச் சாய்த்து வைத்தாள். சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும். அவளே பூட்டியும் பார்த்துவிட்டாள். பிள்ளை ஒரு கையில் அழ, மறு கையால் முறுக்கின ஸ்க்ரூ பாதியிலேயே நின்றுவிட்டது. அதைக் கழற்றுவதற்குள் கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

பேச்சை மாற்றுவதில் சுதாகரன் கெட்டிக்காரன்.

"கலா, ஒரு முடிவு எடுத்திருக்கேன். இந்தத் தீபாவளிக்குக் கடப் பலகாரம் கெடையாது. பாக்கெட் மாவும் கெடையாது. எல்லாம் பழைய மொற. பச்சரிசிய ஊறப்போட்டு, ஒரல்ல இடிச்சு, கித்துள் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, அதிரசம்!"

"யாரு இடிக்கிறது?"

"நீதான். மீராசாஹிப் நானா, றிஸ்மி, எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன். தீபாவளிக்கு மத்தியானம் ஒரு தட்டு வருது, என் பொண்டாட்டி கையாலன்னு. இல்லேன்னா என் மானம் போயிரும்."

விஜயகலா அவனைப் பார்த்தாள். பிறகு உரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் உரலைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

சுதாகரனுக்கே ஆச்சரியம். இவ்வளவு லேசாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

மறுநாள் அவன் பெக்டரியிலிருந்து வந்தபோது ஊறின அரிசி துணியில் உலர்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் பிள்ளை கீழே இறங்க மாட்டாது. அது தூங்கினால்தான் இடிக்க முடியும். அது தூங்கியபோது இருட்டிவிட்டது. விஜயகலா உரலை அடுப்படி நடுவுக்கு உருட்டினாள். கதவு 'ஙே' என்று வாயைப் பிளந்தது.

"ஏங்க, கதவப் புடிங்க."

"எதுக்கு?"

"ஒரல் இங்க இருக்குதே. கதவ யாரு புடிக்கிறது?"

சுதாகரன் சட்டை மாற்றிக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "நான் போகணுமே."

"போங்க. ஆனா கதவத் தொறந்து போட்டுட்டு நான் இடிக்க மாட்டேன். ஒரலக் கதவுக்கிட்ட வச்சிட்டு நானும் படுத்துக்கிறேன். அதிரசம் அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

அவன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். உலக்கை ஏறி இறங்கியது. இடித்தாள், சலித்தாள், கப்பியை மறுபடி போட்டு இடித்தாள். அவசரமே படவில்லை. நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவள் அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டும் வந்தாள். கதவைத்தான் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறதே!

போன் அடித்தது. றிஸ்மி.

"மச்சான், எங்க ஈக்கிற? ஆட்டம் தொடங்கிட்டு."

"வீட்டுல."

"வீட்டுல என்ன செய்ற?"

சுதாகரன் யோசித்துப் பார்த்தான். "கதவா இருக்கேன்டா."

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் புஷ்பக்கா சிரிப்பது கேட்டது.

பாகு காய்ச்சி, மாவைக் கிளறி, பானையில் மூடி வைத்தாள். அது ஊற வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் இருட்டினதும் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. மாவுப் பானை ஒரு பக்கம். அதிலிருந்து ஒரு கை மாவை மட்டும் தனியாக எடுத்து, அதில் இரண்டு கை தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அந்தச் சங்கதி அவளுக்கும் அடுப்புக்கும்தான் தெரியும்.

உரல் கிடந்த இடத்தைச் சுட்டிக்காட்டினாள். "மாவு இடிச்ச ஒரலக் கழுவி முத்தத்துல காய வச்சிருக்கேன். மழையில நனஞ்சு கெடக்கு. நீங்களே வந்து நில்லுங்க."

அவன் நின்றான். முதல் அதிரசத்தை எண்ணெயில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, பொலபொலவென்று பிரிந்து கரைந்தது.

விஜயகலா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாக்குறீங்க."

"நானா?"

"ஆசக் கண்ணு பட்டா அதிரசம் பிரிஞ்சிரும்னு தெரியாதா? அதுக்குத்தானே எல்லாரும் கதவச் சாத்திட்டுச் சுடுறாங்க."

தெரியும். அவன் அம்மாவும் அதிரசம் சுடுகையில் அவனை அடுப்படியிலிருந்து விரட்டியவள்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இரண்டாவதும் பிரிந்தது.

"மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"மூடின கண்ணுக்குள்ள நெனப்பு எங்க இருக்கு?"

நினைப்பு தட்டில்தான் இருந்தது.

"அப்ப நான் என்ன செய்ய?"

"வெளியில நின்னு கதவ இழுத்துப் புடிச்சுக்குங்க."

வெளியே மழை கொட்டியது. சுதாகரன் கதவு வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கூரைத் தகரத்துத் தண்ணீர் நேராக அவன் உச்சந்தலைக்குக் குறி வைத்தது. உள்ளே எண்ணெய் சளசளவென்று பேசியது. வாசனை மட்டும் கதவிடுக்கால் வந்துபோனது. வளையத்தை விட்டால் கதவு திறக்கும். திறந்தால் கண் படும். கண் பட்டால் மானம் கரையும்.

"கலா!"

"என்னங்க?"

"அந்த போல்ட் எங்க?"

"மசாலா டப்பாவுக்குப் பின்னால."

"ஸ்க்ரூட்ரைவர்?"

"அதுவும் அங்கதான் காத்துக்கிட்டு இருக்கு."

நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தான். அடுப்பை மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். ஈர மரம், நல்ல நாள் எதுவும் குறுக்கே வரவில்லை.

"தொரகிட்ட பெர்மிஷன்?" என்றாள் விஜயகலா, கொட்டாவிக்கு நடுவில்.

"தொர வந்தா நான் பேசிக்கிறேன்."

அவள் பானையிலிருந்த நல்ல மாவைத் தட்டி எண்ணெயில் விட்டாள். அது சிவந்து, உப்பி, வட்டம் கலையாமல் மேலே வந்தது.

"பாத்தியா! போல்ட் போட்டதும் எப்பிடி வருது!" சுதாகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

தட்டு நிறைந்தது. தலையைத் துவட்டி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"ஒரே ஒரு ஆட்டம் கலா. நீ முழிச்சிருக்காத. நான் பின்பக்கமா சத்தமில்லாம..."

பாதியில் நின்றான். பார்வை மெதுவாக போல்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவனே இறுக்கியிருந்தான்.

"என்னங்க, போகல்லியா?"

"இல்ல... மழையா இருக்கு."

மழை விட்டு வெகுநேரமாகிவிட்டது. விஜயகலா அடுப்பை அணைத்தாள், போல்ட்டை உள்ளே தள்ளினாள்.