கறுப்புத் துணி இல்லாத கேமரா

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
1893 கார்த்திகை மாதம்

கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக விளங்கும் மேன்மை தங்கிய மச்சான் மரியராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை செபஸ்தியம்மாளைக் கட்டிய பிலவேந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் மகள் இன்னாசியம்மாளும் வண்டிக்காளை இரண்டும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அங்கே எல்லாருடைய சுகத்தையும் எழுதுவதோடு, குளிர் எப்படி என்பதையும் எழுதவும்.

தங்கள் மகன் அருளப்பன், இன்னாசியம்மாளைச் சிறு வயதில் பார்த்தது, முகம் மறந்துவிட்டது, போட்டோ வந்தால்தான் சம்மதம் சொல்வேன் என்று சொல்லியிருப்பதாகப் பங்குனியில் எழுதியிருந்தீர்கள். உரிமைப் பெண்ணுக்குப் படம் எதற்கு என்று தங்கள் தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் தை மாதக் கல்யாணமே அந்த ஒரு படத்தை நம்பி இருப்பதால் நான் கிளம்பிவிட்டேன். படம் அனுப்ப எட்டு மாதமா என்று கோபப்பட வேண்டாம். மூன்று கேமராக்களைப் பார்த்துவிட்டேன் மச்சான். இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

முதல் கேமராவைச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் பார்த்தோம். அம்மன் திருவிழாவுக்குப் போனது நம் கோயில் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று வண்டியை ஆற்றுக்கு இக்கரையிலேயே அவிழ்த்துவிட்டு, ஏதோ மாடு வாங்க வந்தவர்கள் போலப் போனோம். மதுரையிலிருந்து பலவேசம் என்பவர் கூடாரம் போட்டிருந்தார். மூன்று கால் மேல் ஒரு பெட்டி, நெல் குதிருக்குத் தம்பி என்று சொல்லலாம். மனிதர் இருட்டுக் கூடாரத்துக்குள் ஒரு கண்ணாடியில் மருந்து ஊற்றி, அது காய்வதற்குள் ஓடிவந்து பெட்டியில் செருகி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். காய்ந்தால் படம் விழாதாம். வெயிலில் நின்ற இன்னாசியம்மாளின் பிடரிக்கு ஓர் இரும்புக் கவை கொடுத்து, "ஆத்தா, நான் பன்னெண்டு எண்ணுற வரைக்கும் இமைக்காத, அசையாத" என்றார். அவள் மூச்சை அடக்கினாள். நானும் அடக்கினேன். வேடிக்கை பார்த்த கூட்டம் முழுவதும் அடக்கியது, முறுக்கு விற்றவன் உட்பட. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் என் மகள் இருந்தாள் மச்சான்! இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முகம் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவள் முகமாக இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலது கையில் பிடித்த ஜெபமாலை படத்தில் இடது கைக்குப் போயிருந்தது, வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. கண்ணாடிப் படம் இடவலம் மாறித்தான் விழும் என்றார் பலவேசம். "எங்கண்ணன் வீட்ல என்ன நெனப்பாக? நொட்டாங்கைக்காரினு சொல்ல மாட்டாகளா? மச்சம் வேற மாறிக் கெடக்கு, வேற பொண்ணு படத்த அனுப்பிட்டோம்னுல்ல நெனப்பாக!" என்று தங்கள் தங்கை அங்கேயே அழுதுவிட்டாள்.

வைகாசியில் மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரை, என் வண்டியில் சாமான் ஏற்றியவர், தம்முடைய கேமராவால் எடுத்துத் தருவதாகச் சொன்னார். இந்த முறை நான் ஏமாறவில்லை. மாறித்தானே விழும்? ஆகவே ஜெபமாலையை முன்கூட்டியே இடது கையில் கொடுத்தேன். தங்கள் தங்கை இடது கன்னத்தில் மையால் ஒரு மச்சம் வைத்து, வலது கன்னத்து மச்சத்தை மறைக்க அதன்மேல் மஞ்சளை அப்பினாள். துரை என்னைக் கூப்பிட்டுக் கறுப்புத் துணிக்குள் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியில் மலை, தென்னை, வானம் எல்லாம் அதனதன் நிறத்தோடு தலைகீழாகத் தொங்கின. என் மகளும் தலைகீழாக நின்று இமைத்துக்கொண்டிருந்தாள், சேலை மட்டும் கீழே சரியவில்லை! சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இது காய்ந்த கண்ணாடி, இரண்டு எண்ணினால் போதும். பத்து நாளில் காகிதத்தில் படம் வந்தது. இது மாறவில்லை மச்சான்! இந்த வகை மாறாதாம். ஜெபமாலை இடது கையிலேயே இருந்தது. மை மச்சம் அப்படியே விழுந்தது. மஞ்சள் படத்தில் கறுப்பாக விழுமாம், இதை முன்னே யாரும் சொல்லவில்லை. வலது கன்னம் அடுப்புக்கரி அப்பியது போல இருந்தது. துரையின் சமையற்காரர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிப் போயிற்று.

மூன்றாவதுதான் அதிசயம். ஆனியில் மரிய ஜோசப் என்று ஒரு பிள்ளை, நம் வேதத்தைச் சேர்ந்தவர், பெரியாற்று அணை வேலையில் அளவுக்காரர், சுண்ணாம்பு ஏற்ற என் வண்டியைப் பேச வந்தார். வேலை வளர்வதைப் படம் எடுக்க அணைத் துரை கொடுத்த பெட்டி ஒன்று அவர் தோளில் தொங்கியது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கால் இல்லை, துணி இல்லை, எண்ணிக்கை இல்லை. ஒரு கயிற்றை இழுத்துப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. உள்ளே ஒரு சுருளில் நூறு படமாம். விஷயத்தைச் சொன்னேன். "மாமா, அவுக நிக்க வேணாம். கெணத்துலருந்து அவுக பாட்டுக்கு வரட்டும்" என்றார். முதல் நாளே என்னை மாமா என்றார், அவ்வளவு மரியாதை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நின்றார், டப்பென்று ஒரு சத்தம். நூறும் தீர்ந்தபின் சுருளைப் பெட்டியோடு சீமைக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டுமாம். தீரும் வரை பெட்டியும் தோளுமாகச் சுண்ணாம்பு பேச நாள்தோறும் வந்தார். எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் ஆயிற்று. பெட்டி திரும்பினால் அவரிடம்தான் வரும். ஆனாலும் வாரந்தோறும் நம் வீட்டுக்கு வந்து, "பெட்டி வந்துருச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்தக் காலத்தில் இப்படிப் பொறுப்பான பிள்ளையைக் காண முடியாது.

நேற்று அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அளவு வட்டம். இமை மயிரை எண்ண முடியாது, ஓரம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இடுப்பில் குடம், தளும்பிய தண்ணீர் காற்றில் அப்படியே நிற்கிறது. மச்சம் வலது கன்னத்தில். வெயிலுக்கு வலது கையைத் தூக்கியபடி சிரிக்கிறாள். பதினெட்டு வருஷம் வளர்த்தேன், அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் பெட்டிக்கு முகம் தெரியும், இரண்டாவதற்கு மஞ்சள் தெரியும், இதற்கு மனசு தெரியும். இப்படி ஒரு சிரிப்பை வரவழைக்கிற யந்திரத்தைச் செய்தவன் கைக்கு முத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அருளப்பனிடம் காட்டிச் சம்மதத்தை மறு தபாலில் எழுதவும்.

அடைக்கல மாதா தங்கள் வீட்டு வாசலில் நின்று அனைவரையும் அட்டைக் கடியிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காப்பாளாக.

இப்படிக்கு,
பிலவேந்திரன்

பின்குறிப்பு: மேலே படம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறேன். வைக்கவில்லை. உறையை ஒட்டப்போகையில் தங்கள் தங்கை, மற்றப் படங்களையும் பார்க்க வேண்டும் என்று மரிய ஜோசப்பிடமிருந்து படக் கட்டை வாங்கிப் பிரித்தாள். நூறில் ஏழு அணைக்கட்டு. ஒன்று துரையின் நாய். மிச்சம் தொண்ணூற்றிரண்டும் இன்னாசியம்மாள், எல்லாவற்றிலும் அதே சிரிப்பு. யந்திரத்தின் மகிமை என்றேன். "மகிமையாவது! மத்த ரெண்டு பேரும் துணிக்குள்ள தலைய விட்டாக, இவ பெட்டியப் பாத்தா. இவுக மூஞ்சிய மூடலையே, இவ யாரப் பாத்துச் சிரிச்சிருக்கா?" என்றாள் தங்கள் தங்கை. மகளைக் கேட்டேன். "அய்யா, எனக்குக் கண்டிக் குளிரு ஒத்துக்காது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கும் மரிய ஜோசப்புக்கும் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். உரிமையை மீறிவிட்டேன், மச்சான் மன்னிக்க வேண்டும், தாய்மாமனாகத் தாங்கள் வந்துதான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். அருளப்பனுக்கு அங்கேயே நல்ல பெண்ணாகப் பார்க்கவும். படம் எடுப்பதானால், எடுக்கிறவர் தலை துணிக்குள் இருக்கிற கேமராவாகப் பார்த்து எடுக்கவும்.