அம்மாவின் தாச்சியும் அணுவின் கருவும்

பாடம் தெரியாத ஆசிரியரால் பெரிய ஆபத்து இல்லை. பாதி தெரிந்துகொண்டு, அதையும் புதுமையாகப் படிப்பிக்க வேண்டும் என்று துடிப்பவரால்தான் பள்ளிக்கூடம் கலைகிறது. நான் இரண்டாவது ரகம்.

அது சமாதான காலம், போர் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தர்மபுரத்தில் ஓலைக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடமொன்றில் நான் விஞ்ஞானத்துக்குத் தொண்டர் ஆசிரியை. (தொண்டர் என்றால் சம்பளம் தவிர மற்ற எல்லாம் உண்டு.) வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர், ஒரு சேர், என் பாடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் பத்தாம் வகுப்பு எனக்கு. இல்லாவிட்டால் வீட்டில் தேங்காய் திருவலாம்.

பாடம் அணு. முதலில் ஒருவர், அணு உடைக்க முடியாத குண்டு என்றார். அடுத்தவர் பிளம்ஸ் பதித்த புடிங் என்றார். மூன்றாமவர் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளை ஏவிப் பார்த்தார். பெரும்பாலானவை ஊடுருவிப் போக, சில மட்டும் தெறித்துத் திரும்பின. ஆகவே நடுவில் சின்னதாய், கனமாய் ஒரு கரு இருக்கிறது என்றார். கண்ணால் காணாமலே கண்டுபிடித்த அந்த வித்தையைப் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

காலையிலேயே, அம்மா மீன் பொரிக்கும் இரும்புத் தாச்சியைப் பள்ளி வளவில் கவிழ்த்து வைத்தேன். சுற்றிவர நாலு கல், மேலே பலகை. அடியால் கண்ணாடிப் போளைகளை உருட்டி, அவை தெறிக்கும் விதத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஒருவரிடமும் மூச்சு விடாமல் சேரைக் கூட்டிவரச் சந்திக்குப் போனேன்.

திரும்பி வந்தால் முழு வகுப்பும் தெருவில் நிற்கிறது. வாசல் படலையில் சிவப்புத் துணி. வகுப்புத் தலைவி மதுரா முன்னுக்கு வந்தாள்.

"உள்ளுக்குப் போகாதேங்கோ டீச்சர். வளவுக்குள்ள ஏதோ கிடக்கு. மிதிவெடி எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறம்."

"அது நான் வைச்சது பிள்ளை. போளை எறிஞ்சு பாக்கிறதுக்கு."

"தெரியாத பொருளுக்கு எதையும் எறியக்கூடாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

(படிப்பித்தேன். படம் கீறி, பாட்டுக் கட்டிப் படிப்பித்தேன். நான் எடுத்ததில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த ஒரே பாடம்.)

"ஐயோ, அது அம்மான்ர தாச்சி."

"நீங்கள் வைச்சதுதான் இப்பவும் உள்ளுக்குக் கிடக்குது எண்டு எப்படித் தெரியும்?"

சேர் என்னைப் பார்த்தார்.

மிதிவெடி எடுப்பவர்கள் வந்தார்கள். ஊரும் வந்தது. கவசம் போட்ட ஒருவர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கருவியை நீட்டினார். அது வீரிட்டது. வைத்தவளே நான்தான், ஆனாலும் எல்லோருக்கும் முதல் ஓடிப்போய்ச் சேரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் பலகையை நீக்கி நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"மீன் பொரிச்ச மணம் வருது" என்றார்.

ஊர் சிரித்த சிரிப்பில் நான் அணுவிலும் சிறுத்துப் போனேன். சேர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் இப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டார்.

பத்தாம் வகுப்பு போய்விட்டது என்று தெரிந்ததும் பயமும் போய்விட்டது. தெருவில் நின்றபடியே குண்டில் தொடங்கி, புடிங், தங்கத் தகடு, கருவைச் சுற்றி ஓடும் இலத்திரன், பிறகு அந்தப் பாதையும் சரியில்லை, முகில் போலத்தான் என்று வந்தது வரை சொன்னேன். மிதிவெடிக்காரரும் போகாமல் நின்று கேட்டார்.

மதுரா கையை உயர்த்தினாள். "அப்ப அவை எல்லாரும் பிழையாத்தான் சொன்னவையோ டீச்சர்?"

"ஓம். ஆனா ஒவ்வொருத்தரும் முந்தினவரை விடக் கொஞ்சம் குறைவாப் பிழை."

"பத்தாம் வகுப்பை நீரே எடும்" என்றார் சேர். "அடுத்த முறை என்ன வைக்கிறீர் எண்டு முதலே சொல்லிப்போட்டு வையும்."

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி வந்த இடப்பெயர்வில் அந்தத் தாச்சி எங்கோ தவறிப்போனது. தவறியவை பல. முகாமில் முதல்தடவையாக அம்மா இரவல் சட்டியொன்றில் கறி வைத்து மூடினார். அப்பா நாலடி தள்ளி நின்றுகொண்டு, "நீர் வைச்சதுதான் இப்பவும் உள்ளுக்குக் கிடக்குது எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

இப்போது அந்தக் கேள்வியை என் மகள் அம்மம்மாவிடம் கேட்கிறாள், ஒவ்வொரு நாளும், சாப்பாட்டு நேரத்தில். அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.