நாலு நாளா அடிக்காத போன்

அன்புத் தங்கை மீனலோசனிக்கு, காரைக்குடி செக்காலையிலிருந்து அண்ணன் சத்தியமூர்த்தி எழுதும் மடல். இங்கு நான் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பிள்ளையார்பட்டியானை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேனோ என்றுதான் கடிதம்.

நிற்க. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று மைதானத்து நடைக் குழுவில் சேர்ந்தேன் அல்லவா? தனியாக நடந்தால் ரெண்டு சுற்றிலேயே கால் வலிக்கும். குழுவோடு ஏழு சுற்று! பின்னால ரிட்டயர்டு டீச்சர் அன்னக்கிளி வர்ற சத்தம் கேட்டாலே தொப்பை தானா உள்ள போகுது, கால் தானா ஓடுது. ஒருநாள் அந்தம்மாவை முந்தப் போயி கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. காட்டிக்கிடாம லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சேன். "அண்ணே, நீங்க போட்டிருக்கது செருப்புல்ல?"ன்னாக. மானம் போச்சு. ஆனா உன் மதினி போய்ச் சேந்த இந்த மூணு வருசத்துல நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

தினம் காலைல அஞ்சரைக்குக் குழுவுல மத்த அஞ்சு பேருக்கும் போன் போட்டுக் கிளப்புறது என் வேலை. "ஏகப்பன், இன்னுமா படுத்திருக்கீக? கிளம்பி வாங்க"ன்னு ஒரு சத்தம் போடுவேன், வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு வந்துருவாரு. இந்தத் திங்கக்கிழமை எனக்கொரு கிறுக்கு. ஆறு மாசப் பழக்கம், நான் கூப்பிடாட்டியும் போகத்தான செய்வாக, நம்மளைக் காணோம்னு யாரு தேடுறான்னு பாப்போமேன்னு போனும் போடாம, போகவும் போகாம வீட்டுலயே உக்காந்துட்டேன். ஆறாச்சு, ஏழாச்சு, ஒருத்தரும் கூப்பிடலை. போன் ரிப்பேரோன்னு பால்காரரை ஒரு கால் போடச் சொன்னேன், நல்லாத்தான் அடிக்குது. செவ்வாய், புதன், வியாழனும் இதே கதை. அங்குட்டு அஞ்சு பேரும் சிரிச்சுக்கிட்டே நடக்குறது கண்ணு முன்னாடியே நிக்குது. நான் செத்துக் கிடந்தாலும் வாசல்ல நாலு பால் பாக்கெட் சேந்தாத்தான் தெரியும் போல. தனியா இருக்க முடியலை தங்கச்சி. வர்ற புதன்கிழமை பெட்டியோட திருச்சிக்கு வாரேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சத்தியமூர்த்தி

பி.கு: மாப்பிள்ளையை அனுப்பாதே. உறையை ஒட்டுறதுக்குள்ள டீச்சரும் ஏகப்பனும் வாசலுக்கே வந்துட்டாக. "ஏண்ணே போன் போடலை? எங்க மேல கோவமா?"ன்னு கேக்குறாக. நாலு நாளா ஒருத்தருமே மைதானத்துப் பக்கம் போகலையாம். தன்னைய மட்டும் விட்டுட்டு மத்தவுக போறாகன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சு, அஞ்சு பேரும் அவுகவுக வீட்டுல தனியா போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாகளாம்.