அனுஷாவின் மாடும் அதற்கான மாதிரி விடையும்

ஆஸ்டின் டவுனில் என் மகள் அனுஷா படிக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் கற்பனைச் சுதந்திரத்தைக் கண்டறியும் பொருட்டு, எல்கேஜி முதல் பத்தாம் வகுப்பு வரை அனைவரும் தலா ஒரு மாடு வரைய வேண்டுமென்று உத்தரவானது. தேறாத பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

எல்கேஜியில் நாற்பது பிள்ளைகள், நாற்பது தினுசு மாடு. அனுஷாவின் மாடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. "டிக்கெட் எங்கே கண்ணு?" என்று மிஸ் கேட்டதற்கு, "அது பொம்பளை மாடு மிஸ், ஃப்ரீ" என்றாளாம்.

பத்தாம் வகுப்பில் அறுபது பேர். "கொம்புக்குத் தனி மார்க்கா சார்?" என்று கேட்டுக்கொண்டுதான் பென்சிலையே தொட்டார்களாம். அறுபது மாடும் இடப்பக்கம் பார்த்து நின்றன.

கற்பனைத்திறன் மேற்பார்வையாளர் சீனிவாசராகவன் சாருக்குக் கவலையாகிவிட்டது. பெரிய பிள்ளைகளுக்கும் கற்பனையை வரவழைத்தே தீருவதென்று, அனுஷாவின் மாட்டை லேமினேட் செய்து, சீல் குத்தி, மாதிரி விடையாக எல்லா வகுப்புக்கும் அனுப்பினார். மறுவாரப் பரீட்சையில் பத்தாம் வகுப்பின் அறுபது மாடும் பஸ் ஏறின. அறுபதும் ஜன்னலோரம். அறுபது பேருக்கும் நூற்றுக்கு நூறு.

அனுஷாவின் மாடு மட்டும் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தது. சைபர்.

பெரியவர்களிடம் அவ்வளவாகப் பேசத் தெரியாத நான், அவளைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனேன்.

"சார், பாப்பா பெயிலுன்னு..."

"மாதிரி விடையோட ஒத்துப்போகலையேம்மா. பஸ் எங்கே?"

"அந்த மாதிரி விடையே இவ வரைஞ்சதுதான் சார்."

"அதான் வருத்தம். மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கு, வரைஞ்சவளே மறக்கலாமா?"

"மறக்கல சார். இப்ப வேற தோணிச்சாம்."

"தோணட்டும்மா, யார் வேணாம்னா? பரீட்சையில தோணலாமா?" அனுஷா பக்கம் குனிந்தார். "மாடு ஏன் பாப்பா பஸ்ல இல்ல?"

"இறங்கி வீட்டுக்கு வந்துடுச்சு."

'அனுமதியின்றி இறங்கியது' என்று சார் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு மனமிரங்கி, வெள்ளிக்கிழமை மறுதேர்வு என்றார்.

மாடி வீட்டு சுஹாஸ் பத்தாவது படிக்கிறான், நூறு வாங்கினவன். மூன்று நாள் சாயங்காலம் வந்து அனுஷாவுக்கு அனுஷாவின் மாட்டைச் சொல்லிக்கொடுத்தான்.

"முதல்ல ஜன்னல், அப்புறம் கொம்பு. அஷ்டே ஆன்ட்டி, இவ்வளவுதான்."

நான் ரப்பரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வாலைக் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு வளைத்தாலும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை நூற்றுக்கு நூறு! சார் என்னைக் கூப்பிட்டு, "அச்சு அசலா பெரிய பிள்ளை மாதிரியே வரைஞ்சிருக்காம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தேன்.