கோட்டுப் போட்ட விஞ்ஞானி

மதிப்பெண்ணால் காலேஜில் சேர்ந்தவர்கள் உண்டு, சிபாரிசால் சேர்ந்தவர்கள் உண்டு. ஃப்ளெக்ஸ் பேனரால் சேர்ந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், சேலையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். பிளஸ் டூ முடித்த எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று தாம்பரம் தாண்டி இருந்த காலேஜ். தெருமுனையில் பஸ், கையில் அம்மாவின் டிபன் பாக்ஸ். இன்னொன்று பெங்களூருக்குப் பக்கத்தில். ஃபீஸ் நாலு மடங்கு, ஹாஸ்டல் தனி. அதன் பெருமை என்னவென்று கேட்டால், அது பெங்களூரில் இருக்கிறது (சரி, பக்கத்தில்).

அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்களுக்கென்று இருந்தது இரும்புலியூரில் அரை கிரவுண்டு மனை மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். அம்மா அடுப்படி வரப்போகும் இடத்தில் போய் நின்றுகொள்வாள்.

"மனையை வித்தாத்தான் பெங்களூர். இங்கயே படிடா," என்றார் அப்பா. நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்து, பசித்ததும் எழுந்து ஆறு தோசை தின்றுவிட்டுச் சம்மதித்தேன்.

சிக்கல் என்னவென்றால், என் வாய் அதற்கு முன்பே பெங்களூர் போய்விட்டிருந்தது. டீக்கடையில் நண்பன் பாபுவிடம், "சீட் கன்ஃபார்ம் மச்சான்" என்று அளந்திருந்தேன்.

மறுநாள் காலை கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் பேனர். 'பெங்களூர் செல்லும் வருங்கால விஞ்ஞானியே!' யாரோ ஒருவரின் கோட்டு சூட்டுக்கு மேல் என் தலை. காதில் செல்போன். பின்னால் விமானம். கீழே வாழ்த்தும் நெஞ்சங்களாக, அரியர் வைத்த என் நண்பர்கள்.

"இன்னா மச்சான், கண்ணு கலங்கிகினு கீது?" என்றான் பாபு. "கோட்டு நம்ம செலவு!"

"கழட்டுடா, அப்பா பார்த்துடுவாரு."

"தெருவே பார்த்துகினு கீது. இப்போ கழட்டினா உங்க வூட்டுக்குத்தான் அசிங்கம்."

சாயங்காலத்துக்குள் மளிகைக்கடைக்காரர் அப்பாவிடம் ஸ்வீட் கேட்டுவிட்டார். வீட்டு ஓனர் கைகுலுக்கி, "வசதியா இருக்கீங்க சார்," என்று வாடகையை உயர்த்திவிட்டார். அப்பா பேனருக்குக் கீழே வெகுநேரம் நின்றார். பக்கத்தில் நான். 'நான் இங்கேயே படிக்கிறேன்பா' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஊரெல்லாம் அளந்த வாய் அப்போது மட்டும் திறக்கவில்லை.

"கோட்டு உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

மனை போனது. பத்திரம் முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாங்கினவங்க அடுப்படியை எந்தப் பக்கம் வைக்கிறாங்களாம்?"

பெங்களூருக்குப் பக்கத்து காலேஜ் பாதிதான் கட்டியிருந்தது. என் ரூம்மேட் எங்கள் ஏரியா குரோம்பேட்டைக்காரன். எனக்குக் கணக்கு எடுத்தவர், தாம்பரம் தாண்டி இருந்த அந்தக் காலேஜில் படித்தவர். நாலு வருடம் கழித்து முதல் இன்டர்வியூவில் கேட்டார்கள்: "இந்தக் காலேஜ் எங்கப்பா இருக்கு?"

இன்றும் வாடகை வீடுதான். சமையலறைக்கு மேல் சிமென்ட் ஷீட். மழை பிடித்தால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். "டேய், அந்த விஞ்ஞானியை எடுத்து மேல விரி."

போன மழைக்கும் பேனரை விரித்தேன். கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த அப்பா அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"கோட்டுப் பக்கம் ஒரு சொட்டு இறங்கலை. ஒழுகுறதெல்லாம் தலைப் பக்கம்தான்."