எதிர் நாற்காலிக்கு ஆள் தேவை

என் மனைவியுடன் பிறந்த ஒரே தம்பியும், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தொழிலில் பெயர் எடுத்தவரும், மூன்று வருஷமாக என் வீட்டு வாசற்படியை மிதிக்காதவருமான மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

நான் நலம், முழங்கால் நீங்கலாக. தாங்களும் தங்கள் மனைவி மக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் தாங்கள் போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் கிழவன் என்னதான் உளறியிருக்கிறான் என்று பார்க்க ஒரு ஆசை வரும் அல்லவா, அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: நான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

ஊடகவியல், ஒரு வருஷப் படிப்பு. ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன், மூன்று அறை வீட்டில் காலையில் ஒரு தம்ளர் கழுவி, மாலையில் அதே தம்ளரைக் கழுவி எத்தனை நாள்தான் ஓட்டுவது? விண்ணப்பம் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள், "பேரனுக்கா சார்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். பிறந்த வருஷத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார், அது மாறவில்லை. படிவத்தில் 'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஆர்வம்' என்று எழுதினேன். அது பொய். தங்கள் அக்கா நடக்கிற, பேசுகிற, சிரிக்கிற படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. கல்யாண போட்டோவில் குனிந்திருக்கிறாள், தலை வகிடுதான் தெரிகிறது. மற்றபடி நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று, படியில் வழுக்கி விழுந்தபோது எடுத்த இடது மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று. வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவன் வீட்டில் இருக்கிற ஆல்பம் இவ்வளவுதான். இப்போது கற்றுக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் தினமும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிறேன்.

முதல் செய்முறைப் பாடத்திலேயே மானம் போயிற்று. ஒரு மாணவன் அறைக்குள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வேண்டும், அதை நான் படம் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அவன் தம்ளரை வாயில் வைத்தான். நான் பழக்க தோஷத்தில், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க!" என்று சொல்லிவிட்டேன். வயசுக்கு மரியாதை கொடுக்கிற பிள்ளை, அப்படியே பிடித்தான். வாய் நிறையத் தண்ணீர், முகம் சிவந்து, கண் பிதுங்கி, சிலையாக உட்கார்ந்திருந்தான். "விடுங்க" என்று சொல்ல நான் அங்கே இல்லை. பட்டனை அமுக்கிய கையோடு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எக்ஸ்ரே அறையில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஓடி ஓடிப் பழகின கால், மாப்பிள்ளை, அதற்குக் கல்லூரி என்றும் ஆஸ்பத்திரி என்றும் தெரியுமா? ஒளிப்பதிவு ஆசிரியை என் மகள் வயசுப் பெண் (மகள் இருந்திருந்தால்). கதவைத் திறந்து பார்த்து, "சார், அங்க என்ன பண்றீங்க?" என்றார். "படம் எடுக்கிறேன்மா" என்றேன். பிறகு பெரிய திரையில் எல்லோருடைய படத்தையும் போட்டுக் காட்டினார்கள். என் படத்தில் முகவாயிலிருந்து தொப்புள் வரைக்கும் துல்லியமாக, நட்டநடுவில் நெஞ்சு. பதினொரு வினாடி. ஆடவில்லை, அசையவில்லை. "தலை எங்க சார்?" என்றார் ஆசிரியை. "தலைக்குத் தனியா சீட்டு எழுதி வரணும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அங்கே 'எலும்பு சார்' என்று பெயர். பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். டீ குடிக்க மட்டும் கூப்பிடுவதில்லை.

ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று உறைத்தது. முப்பத்து நாலு வருஷமாக என் வேலை என்ன? எதிரே நிற்கிறவரைப் பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கிற அந்த ஒரு நொடியில் அவரைத் தன்னந்தனியாக விட்டுவிட்டு வெளியே போய்விடுவது. இங்கே ஆசிரியை நேர்மாறாகச் சொல்கிறார். "கேமரா ஓடும்போது கிட்டயே இருங்க சார், அவங்களுக்கு நீங்க இருக்கிறது தெரியணும்." இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

சரி, அது கிடக்கட்டும் கழுதை, இனிமேல்தான் கதையே. இறுதித் தேர்வுக்கு ஒரு குறும்படம், மூன்று நிமிஷம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டும். முதலில் அறை முழுக்கத் தெரிகிற வைடு. அப்புறம் ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம், அதற்கு சஜஷன் ஷாட் என்று பெயர். கடைசியில் க்ளோஸ்-அப். கேட்கிறவரின் முகமும் கண்டிப்பாக வேண்டும், அதுதான் ரியாக்‌ஷன். வகுப்பில் இருபத்து மூன்று பேர். ஆசிரியை "ரெண்டு ரெண்டு பேராப் பிரிஞ்சுக்கோங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, எல்லோரும் பிரிந்துவிட்டார்கள். நான் கேமரா ஸ்டாண்டைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "வீட்ல யாராவது இருப்பாங்கல்ல சார்? அவங்களை வெச்சு எடுத்துடுங்க" என்றார் ஆசிரியை. "ஓ, இருக்காங்களே!" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேறு வழி? இரண்டு வேஷத்தையும் நானே போட்டேன். இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை, அந்தப் பக்கம் நீலச் சட்டை. கேமராவை ஓடவிட்டு, நான் ஓடி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பேசி, எழுந்து, சட்டையை மாற்றி, கேமராவை மாற்றி, மறுபடி ஓடி. இரண்டு பேருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறதாம், கேமரா அதைத் தாண்டக் கூடாதாம். நான் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. போட்டுப் பார்த்தால் வெள்ளைச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். சஜஷனுக்குத் தோள் வேண்டுமே என்று தலையணைக்கு நீலச் சட்டை போட்டு நாற்காலியில் சாத்தி வைத்தேன். வெள்ளைச் சட்டையில் நான் உருக்கமாக, "போகாம ஒரு நிமிஷம் உட்காருப்பா" என்று சொல்கிற இடத்தில் தோள் மெதுவாகச் சரிந்து, மடங்கி, மேஜைக்கு அடியில் போய்விட்டது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வீடு இருந்த அமைதி இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் மாடிவீட்டு அம்மாள் வேறு கதவைத் தட்டினார். "என்ன சார், யாரோடயோ சத்தமாப் பேசற மாதிரி கேட்டுச்சு?" நான் தனியாக உட்கார்ந்து எனக்கே கத்திக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "மைத்துனர் வந்திருக்கார்" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம், எங்க அவர்?" "குளிக்கிறார்." மறுநாள் இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். "எங்க அவர்?" "குளிக்கிறார்." மூன்றாம் நாளும் அதே பதில். தாங்கள் மூன்று நாளாக என் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளை. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாங்கள் தாங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்கிறது. நிஜார் போட்ட காலத்திலிருந்து உன்னைத் தெரியும். இனிமேல் நீதான்.

படத்தில் இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீலச் சட்டை நீ. அக்கா போன அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, இதே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ கேட்டாயே, "ஊர்ல எல்லார் நெஞ்சையும் படம் எடுத்தீங்களே அத்தான், எங்க அக்கா நெஞ்சை ஏன் முன்னாடியே எடுக்கலை?" என்று, அதுதான் நீலச் சட்டையின் முதல் வசனம். நான் அப்போது என்ன செய்தேன்? "வெளிய போடா" என்று கத்தினேன். நீயும் போனாய். போனவன் போனவன்தான். படத்துக்காக வெள்ளைச் சட்டைக்கு வேறு பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் உட்கார்ந்தேன். வரவில்லை. ஏனென்றால் நீ கேட்டது சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை என்பதால்தான் கத்தினேன்.

எட்டு மாதம் இருமினாள்டா. "தூசிதாங்க" என்பாள், நானும் தூசி என்பேன். தினம் நாற்பது பேரைத் தடுப்புக்கு முன்னால் நிறுத்தியவன், "இன்னிக்குக் கூட்டம், நாளைக்கு வா" என்று என் பெண்டாட்டியைத்தான் திருப்பி அனுப்பினேன், ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. கடைசியில் ஒரு நாள் வந்து நின்றாள். நான் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை இழு, பிடி" என்றேன். திரையில் படம் வந்தது. டாக்டர் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரிந்துவிட்டது. "விடு" என்று சொல்ல மறந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் முடிகிற வரைக்கும் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் இருமிக்கொண்டே, "என்னங்க, விடலாமா?" என்றாள். "ம், விடு. ஒண்ணும் இல்லை" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், உன்னைத் துரத்திவிட்டேன். என் மேல் நீ கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கோபத்தை எதிரே உட்கார்ந்து படு.

ஆகவே என் வேண்டுகோள் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ வர வேண்டும். ஆறு மணி நேரப் பயணம், தெரியும். நீலச் சட்டை இருந்தால் எடுத்து வா, இல்லாவிட்டால் என்னுடையது இருக்கிறது, கொஞ்சம் தொளதொள என்றிருக்கும். நீ நடிக்க வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை, வசனம்கூட அந்த ஒன்றுதான், அது உனக்கு மனப்பாடம். மற்றபடி நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கேட்கிறபோது லேசாகத் தலையைச் சாய்ப்பாயே, அக்காவும் அப்படித்தான் சாய்ப்பாள். அந்த முகம் எனக்கு ஒரு ஷாட் வேண்டும். படிப்பே இதை நம்பித்தான் நிற்கிறது, நீ வராவிட்டால் நான் தேறமாட்டேன், அறுபத்தொரு வயதில் ஒருவனை ஃபெயிலாக்கிய பாவம் உனக்கு வேண்டாம்.

தங்கை முறையான உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் என்னை மறந்திருப்பார்கள், 'மூச்சைப் பிடி' மாமா என்று சொன்னால் ஞாபகம் வரும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், ஒரே ஃபிரேமில் நீண்ட காலம் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனவன், மனசு கேட்காமல் மறுபடி பிரித்து எழுதுகிறேன். குறும்படத்தைப் போன செவ்வாய்க்கிழமையே ஒப்படைத்தாயிற்று. வகுப்பில் என் நிலைமையைப் பார்த்து ஒளிப்பதிவு ஆசிரியையே எதிரே வந்து உட்கார்ந்தார், நன்றாகவே கேட்டார். நான் தேறிவிட்டேன். கேமரா, ஸ்டாண்ட், விளக்கு எல்லாவற்றையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆகையால் சனிக்கிழமை படப்பிடிப்பு என்று எதுவும் இல்லை. அதைச் சொன்னால் நீ வருவதற்கு ஒரு காரணமும் இருக்காதே என்றுதான் இவ்வளவும் எழுதினேன். காரணம் இல்லாமலே வாடா. நான் உன்னைப் பார்க்க வேண்டும்.