அலாரம் அடித்தால் வீட்டுக்குப் போகவும்

கனமூலை.

அன்பின் மச்சான் இஸ்ஹாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவின் வெயிலில் உங்கள் உடம்பும் தொழிலும் குறைவின்றி இருக்க அல்லாஹ்விடம் கையேந்துகிறோம். இங்கே நானும் உங்கள் தங்கச்சி சாரா உம்மாவும் சுகம். குளத்தில் வளர்க்கும் இறால்களும் சுகம். இறாலின் சுகத்தை ஏன் தனியாக எழுதுகிறேன் என்றால், அதில்தான் எங்கள் மகள், உங்கள் மருமகள் நஸ்ஹாவின் கதை இருக்கிறது.

நீங்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அனுப்பிய மெஷினில் நான் குறை சொல்லவில்லை. குளத்துத் தண்ணீரில் காற்றுக் குறைந்தால் அது போனுக்குச் செய்தி அனுப்பும், போனிலிருந்தே தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரத்தைச் சுற்ற விடலாம். எல்லாம் நல்லதுதான். குறை அதோடு வந்த தமிழ்ப் புத்தகத்தில். முதல் பக்கத்திலேயே "சக்கரத்தைத் தூக்கிலிடவும்" என்றிருந்தது. எந்த மரத்தில், எந்தக் கயிற்றில் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அது அச்சுப் பிழையாக இருக்கும், தூக்கி இடத்தான் சொல்கிறார்கள் என்றாள் சாரா. இருவருமாக அந்தப் பாரத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் இட்டோம். என் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சக்கரம் கரையில் நின்று வெறும் காற்றை அடித்தது. பிறகு வைத்தியரிடம் போனேன், சக்கரத்தைத் திரும்ப இறக்கினோம்.

அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். மழை விட்ட ஒரு மூட்டமான காலையில் போன் சிவந்து கத்தியது. புத்தகத்தைப் புரட்டினேன். "அலாரம் அடித்தால் வீட்டுக்குப் போகவும்" என்று இருந்தது. நான் சொற்கேட்கிற மனிதன். கேற்றைப் பூட்டி, மோட்டார் சைக்கிளில் ஏறி, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டேன். சாரா பக்கத்தை வாசித்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "இறால் அங்க சாகுது, நீங்க இங்க வந்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். திரும்பிப் போகும்போது இறால் எல்லாம் கரையோரம் வந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பக்கத்துக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் உடப்பு ஊர்க்காரர் வீரகத்தி வரம்பைத் தாண்டி ஓடிவந்து, மெஷினை விட்டுவிட்டு வயரை நேராகக் கொழுவிச் சக்கரத்தைச் சுற்ற வைத்தார். அதற்குள் ஒரு மூலை இறால் மிதந்துவிட்டது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்க மனம் வரவில்லை, மச்சான்.

நஸ்ஹா கொழும்பிலிருந்து வந்தாள். சொப்ட்வெயார் கம்பனியில் பாவனைக் கையேடு எழுதும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, கம்பியூட்டர் படித்துவிட்டுக் கட்டுரை எழுதுவதா என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். அந்தப் புத்தகத்தை வாசித்து அவள் சிரிக்கவில்லை. 'ஹோம்' என்று திரையில் ஒரு வீட்டுப் படம் இருக்கிறதாம், அதைத் தொடத்தான் சொல்லியிருக்கிறார்களாம். இங்கிலீஷில் 'எக்ஸிகியூட்' என்று இருந்ததைத்தான் தூக்கிலிடுவதாக்கி இருக்கிறார்களாம், அங்கே அதற்கு ஓட விடுவது என்று அர்த்தமாம். லீவு போட்டாள், குளத்தங்கரையில் இருந்து ஒவ்வொரு பொத்தானையும் தானே அமத்திப் பார்த்தாள், இதை அமத்தினால் என்ன நடக்கும் என்று மெஷின் கம்பனி எஞ்சினியரைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவன் போனையே எடுக்கவில்லை. பிறகுதான் எழுதத் தொடங்கினாள். எழுதியதை எங்கள் கையில் தந்துவிட்டு, வாய் திறக்காமல் பின்னால் நின்றாள். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் தன் எழுத்தை வெட்டினாள். இதெல்லாம் என் மண்டையில் ஏறாது மகள் என்றேன்.

"நீங்க முழிக்கிற இடத்துல பிழை உங்கள்ல இல்ல வாப்பா, என்ட வசனத்துல" என்றாள்.

மச்சான், எழுதினவர் தன்மேல் பிழையை எடுத்துக்கொண்ட ஒரு புத்தகத்தை நான் இந்த வயது வரைக்கும் கண்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகையில். மேகம் கறுத்து, குளத்தில் காற்று இறங்கிவிட்டது. சாரா போனோடு குளத்தடியில் தனியாக. நஸ்ஹாவின் புத்தகம் இப்படித் தொடங்குகிறது: "அலாரம் அடிக்கிறதா? குளத்தருகிலேயே நில்லுங்கள். போனில் வீட்டுப் படத்தைத் தொடுங்கள்." நான் பதறி ஓடிவந்தபோது சக்கரங்கள் நுரை தள்ளிச் சுற்றின, உங்கள் தங்கச்சி கதிரையில் சாய்ந்தபடி பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டாம் பக்கம் போக முந்தி சுத்தத் தொடங்கிட்டு" என்றாள்.

ஒரு இறாலும் சாகவில்லை. இப்போது வீரகத்தி ஒரு பிரதி எடுத்துப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். பழையதை எடுத்துவிட்டு நஸ்ஹாவின் புத்தகத்தைப் போட மெஷின் கம்பனியே அனுமதி கேட்டிருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் இதை எல்லாரிடமும் சொன்னேன். மௌலவி இறால் வளர்ப்பதில்லை, அவரிடமும் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அவர் செருப்பைப் போட்ட பிறகும் நான் விடவில்லை. நீங்களும் மருமகளுக்கு ஒரு கோல் எடுத்து நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு நிம்மதி.

உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம் சேரட்டும்.

இப்படிக்கு,
நஸ்ஹாவின் வாப்பா,
பதுர்தீன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது போன் தன்பாட்டில் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. நிறம் வேறு, பொத்தான்கள் வேறு, வீட்டுப் படத்தைக் காணவே இல்லை. நஸ்ஹாவின் புத்தகத்தில் ஒரு பக்கமும் பொருந்தவில்லை. வயரோடு வரச் சொல்லி வீரகத்திக்குக் கோல் எடுத்திருக்கிறேன். மேலே எழுதியதில் மகளைப் பற்றிய பெருமையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மெஷின் வேலை செய்கிறது என்ற பகுதியை வெட்டிவிடுங்கள். புதிதாக எழுத அவள் கொழும்பில் பஸ் ஏறிவிட்டாளாம்.